மிளகுச் சாக்கும் வரித் தயாரிப்பாளர் பதிவும்

மாத்தளை,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின்.

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய கலேவெல மச்சான் நுஹ்மான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உங்கள் தங்கை றுஸைனாவும் இங்கே சுகம். நீங்களும் மதினியும் பிள்ளைகளும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். குறிப்பாக நீங்கள், இந்தக் கடிதத்தைக் கடைசி வரை வாசித்து முடிக்கிற அளவுக்காவது தேக ஆரோக்கியத்தோடு இருக்க வேண்டும் என்று துஆச் செய்கிறேன். கையில் தொலைபேசி இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். தொலைபேசியில் சொன்னால் நீங்கள் நடுவில் பேசுவீர்கள். வட்ஸ்அப்பில் அனுப்பினால் இரண்டு நீலக் கோடு விழும், பதில் வராது. கடிதம்தான் நல்லது. எழுதுகிறவன் எழுதி முடிக்கும்வரை கேட்கிறவர் வாயை மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்குப் பதிவு கிடைத்துவிட்டது. வருமான வரி அறிக்கை தயாரிக்கிற தொழிலைச் செய்ய அதிகாரம் பெற்றவன் என்று முத்திரை குத்திய சான்றிதழ் இப்போது என் முன்னால், மேசை மேல் இருக்கிறது. எழுதுகிற ஒவ்வொரு வரிக்கும் ஒரு தரம் அதைப் பார்த்துக்கொள்கிறேன். உங்கள் மூத்த மகளின் கல்யாண விருந்தில், ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் சஹன் தட்டில், என் கை சோற்றுக்குப் போகும் நேரம் பார்த்து நீங்கள் சொன்னது உங்களுக்கு மறந்திருக்கலாம். எனக்கு மறக்கவில்லை. "புதுச் சட்டம் வந்தீக்கி மச்சான். எனக்குப் பதிவு கெடச்சீக்கி. பதிவில்லாதவன் இனி யாருக்கும் வரிக் கணக்கு எழுத ஏலா. சாக்குல பில்லக் கட்டி வெச்சீக்கிற ஆளுக்கு யாரு பதிவு குடுக்கிற? சும்மா அலையாம எங்கட ஒபிசுக்கு வாங்க, ஜன்னலோரமா ஒரு கதிர போட்டுத் தாறன், எனக்கு எழுத்து வேல செய்யலாம்." அதோடு விட்டீர்களா? "ஒங்களுக்குப் பதிவு கெடச்சா, நானே மாத்தளைக்கி வந்து ஒங்கட வாய்க்கு வட்டிலப்பம் ஊட்டுறன்" என்று, பக்கத்தில் இருந்த அந்த இனிப்புக் கிண்ணத்தைக் காட்டியும் சொன்னீர்கள். சஹனில் இருந்த மற்ற நாலு பேரும் சிரித்தார்கள். அன்றைக்கு நான் சாப்பிட்ட புரியாணிக்கு உப்பு இருந்ததா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியாது. பக்கத்து அறையில் பெண்களோடு இருந்த றுஸைனாவின் காதிலும் அது விழுந்துவிட்டது. திரும்பும் வழியில் பஸ் நாலந்தா தாண்டியதும் அவள் என் பக்கம் திரும்பினாள். அண்ணன் என்றும் பார்க்காமல் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "எண்ட நானா செல்லிட்டார் என்டு நீங்க அந்தக் கதிரையில பெய்த்துக் குந்தினா, நான் ஒங்களுக்குச் சோறு போட மாட்டன்."

ஆகவே மச்சான், நான் விண்ணப்பம் போட்டது உங்களுக்குப் பயந்தல்ல, உங்கள் தங்கைக்குப் பயந்துதான். விண்ணப்பத்துக்குக் கட்டணம், பதிவுக்குக் கட்டணம், வருஷா வருஷம் புதுப்பிக்க இன்னொரு கட்டணம். இத்தனை வருஷம் நான் சும்மா செய்த வேலையைத் தொடர்ந்து செய்ய நானே காசு கட்ட வேண்டும் என்பது எனக்கு முதலில் விளங்கவே இல்லை. றுஸைனா புதுக் குளிர்சாதனப் பெட்டி வாங்கச் சேர்த்து வைத்த சீட்டுக் காசைத் தூக்கித் தந்தாள். பழைய பெட்டியின் கதவுக்குக் கயிறு கட்டியிருக்கிறோம். தண்ணீர் குடிக்க வேண்டுமானால் முடிச்சை அவிழ்க்க வேண்டும். ஒவ்வொரு முடிச்சிலும் உங்களை நினைத்துக்கொண்டேன்.

கட்டணம் கட்டியதும் பெயர்ப்பலகையோடு ஓர் அலுவலகம் வேண்டும், கிராம சேவகர் வந்து பார்த்து உறுதிப்படுத்த வேண்டும் என்று வரித் திணைக்களத்தில் சொன்னார்கள். என் அலுவலகம் உங்களுக்குத் தெரியும், றினோஸ் ஹாஜியாரின் கராம்பு, மிளகுக் கடையின் பின்னறை. என் தொழில் முறையும் தெரியும். எந்த வியாபாரியின் பற்றுச்சீட்டுகளையும் அவரவர் சரக்கு வந்த சாக்கிலேயே போட்டுக் கட்டிவிடுவேன். மின்சாரம் போனாலும் பிரச்சினை இல்லை. மிளகு மணந்தால் ஹாஜியார், வெங்காயம் மணந்தால் தம்புள்ளைக்கு லொறி ஓட்டுகிற முத்துவீரன். உங்கள் இரும்பு அலுமாரிக்குச் சாவி தொலையும். என் மூக்கு ஒருநாளும் தொலைந்ததில்லை. சரி, பலகை எழுதக் கொடுத்தேன். எழுதியவர் நல்ல மனிதர், கை மட்டும் தாராளம். "வருமான வரி" என்பதை மூன்று மொழியிலும் அரசாங்கப் பலகை போலப் பெரிதாக எழுதிவிட்டு, இடம் போதாமல் "தயாரிப்பாளர் ஹாஷிம்" என்பதை ஓரத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி எழுதியிருந்தார். காலையில் அதைக் கடை முகப்பில் மாட்டிவிட்டு உள்ளே போய் தேநீர் குடித்துவிட்டு வருகிறேன், தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. எதிர்க்கடை கதவு அரைவாசி இறங்கியிருக்கிறது. சரக்கு இறக்க வந்த கைவண்டிக்காரன் வண்டியை விட்டுவிட்டு நடந்து போகிறான். வரிக்காரர்கள் ஹாஜியாரின் கடையைப் பிடித்துவிட்டார்கள் என்று பஸ் நிலையம் வரை செய்தி போயிருக்கிறது. ஹாஜியார் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "ஹாஷிம், எனத்த செஞ்சி வெச்சீக்கிறீங்க? எண்ட கடய அரசாங்கத்துக்கு எழுதிக் குடுத்துட்டீங்களா?" ஒரு மணி நேரம் கழித்து, தம்புள்ளைக்குப் பாதி வழியிலிருந்து முத்துவீரன் தொலைபேசியில் கத்தினான். "நானா, கடைகிட்ட வந்து போர்டப் பாத்துட்டு லொறிய அப்படியே திருப்பிட்டேன். இப்ப நாவுலயில நிக்கிறேன். வரவா, வேணாமா?" கடைசியில் பலகையைப் பின்னறைக்குள்ளேயே மாட்டினோம். கிராம சேவகர் வந்து, சாக்குகளுக்கு மேல் ஏறி நின்று அதை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அலுவலகம் சரி.

அடுத்ததுதான் பெரிய இடி. இரண்டு வாடிக்கையாளர்கள் தங்கள் கையால் சிபாரிசுக் கடிதம் தர வேண்டுமாம். "இவர்தான் என் வரி அறிக்கையைத் தயாரித்தார், நான் திருப்தி அடைகிறேன்" என்று. மச்சான், இந்த ஊர்க் கடைத்தெருவை உங்களுக்குத் தெரியாதா? என்னிடம் வருகிறவர்கள் வந்ததையே வெளியில் சொல்ல மாட்டார்கள். முன்வாசலால் வந்து மிளகு விலை கேட்டுவிட்டு, பின்கதவால் நழுவி என்னிடம் வருகிறவர்கள்தான் எல்லோரும். நான் வீடு வீடாகப் போனேன். தேநீர் தந்தார்கள், மஸ்கட் அல்வா தந்தார்கள், என் உம்மா வாப்பாவுக்காகத் துஆக்கூடச் செய்தார்கள், கையெழுத்து மட்டும் தரவில்லை. முத்துவீரனாவது மனதில் உள்ளதை வெளிப்படையாகச் சொன்னான். "கையெழுத்துப் போட்டா நான் சம்பாதிக்கிறேன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமே நானா!" எனக்கு அழுகையே வந்தது. எத்தனை பேருக்கு எத்தனை அறிக்கை எழுதியிருப்பேன்! அவர்களுக்கெல்லாம் என்னைத் தெரியாதாம். அன்று இரவு உங்கள் ஜன்னலோரக் கதிரை எனக்குக் கனவில் வந்தது. அதற்கு மெத்தைகூடப் போட்டிருந்தீர்கள்.

அல்லாஹ் கைவிடவில்லை. ஹாஜியாரின் இளைய மகளுக்கு அக்குறணையிலிருந்து ஒரு சம்பந்தம் பேசி வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெரிய புள்ளிகள். பெண்ணின் வாப்பாவுக்கு உண்மையில் என்ன வியாபாரம், வரி கட்டுகிற ஆளா என்று கடைத்தெருவில் விசாரித்திருக்கிறார்கள். நம் ஆட்கள் பழக்கதோஷத்தில், "பாவம், ஹாஜியாருக்கு என்ன வருமானம், ஏதோ சீவியம் போகிது" என்று சொல்லிவிட்டார்கள். சம்பந்தம் ஆடிவிட்டது. மறுநாள் காலை கடை திறக்குமுன் ஹாஜியார் என் வீட்டுக்கு வந்துவிட்டார். "ஹாஷிம், எங்க அந்தக் கடிதம்? நானே செல்றன், நீங்க எழுதுங்க. பெரிய வருமானம் என்டு போடுங்க. மிகப் பெரிய என்டு போடுங்க. ரெண்டு பிரதி எடுங்க, ஒன்டு அக்குறணைக்கி!" அப்படியே எழுதினேன். மத்திய மாகாணத்திலேயே இவ்வளவு பெருமையாக வரி கட்டியவர் யாரும் இருக்க மாட்டார்கள் என்று எனக்கே தோன்றியது. இது தெரிந்ததும் முத்துவீரனும் வந்தான். இரண்டாவது லொறிக்கு லீசிங் கம்பனியில் கடன் கேட்டிருக்கிறானாம், அவர்களும் வரி கட்டுகிற ஆளா என்று கேட்டார்களாம். அவனும் கையெழுத்துப் போட்டான்.

இனி நேர்முகத் தேர்வு. கண்டிக்குப் போனேன். உங்களைப் போலக் கோட் இல்லை, வெள்ளைச் சட்டைதான். செய்த வேலைக்கு மாதிரி ஒன்று கொண்டு வர வேண்டும் என்று கடிதத்தில் இருந்ததால் ஹாஜியாரின் மிளகுச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் ஒரு மெடம், ஒரு பக்கம் கணினியோடு ஓர் இளம் அதிகாரி, மறு பக்கம் தாடி வைத்த நம்மவர் ஒருவர். தலைக்கு மேல் மின்விசிறி முழு வேகத்தில். மெடம் கடிதங்களை வாசித்துவிட்டுச் சிங்களத்தில் கேட்டார், வாடிக்கையாளர்களின் ஆவணங்களை எப்படிப் பாதுகாப்பாக வைக்கிறீர்கள் என்று. வாயால் விளக்குவதைவிடக் காட்டுவது மேல் என்று நான் சாக்கின் வாயை அவிழ்த்து, மேசையில் ஒரு உதறு உதறினேன்.

மச்சான், அவ்வளவுதான். முதலில் தும்மியவர் நம்மவர். தும்மிவிட்டு "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். கேட்ட முஸ்லிம் சும்மா இருக்கலாமா? "யர்ஹமுகல்லாஹ்" என்று அவருக்கு அருள் வேண்டினேன். அதற்கு அவர் பதில் துஆச் சொல்ல வேண்டும். சொல்ல வாயெடுத்தார், அதற்குள் அடுத்த தும்மல். மறுபடி அவர் அல்ஹம்துலில்லாஹ், மறுபடி நான் யர்ஹமுகல்லாஹ். இடையில் மெடம் ஒரு கேள்வியைத் தொடங்கி, பாதியில் மூக்கைப் பொத்திக்கொண்டார். இளம் அதிகாரி கணினி மேல் தும்மி, திரையைத் துடைத்து, மறுபடி தும்மினார். ஒருவரும் விசிறியை நிறுத்தவில்லை, காற்று வந்தால் சுகம் என்று நினைத்து இன்னும் கூட்டினார்கள். எத்தனை கேள்விகள் கேட்க வைத்திருந்தார்களோ, ஒன்றுகூட முழுதாக வெளியே வரவில்லை. கடைசியில் நம்மவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெடமிடம் சொன்னார். "மெடம், இந்தச் சாக்க எந்தக் கள்ளனும் சத்தமில்லாமத் தொறக்க ஏலா. இதவிடப் பாதுகாப்பு எங்க ஈக்கிது?" மெடம் ஒரு கையில் கைக்குட்டை, மறு கையில் பேனா, தலையைக் கூட நிமிர்த்தாமல் கையெழுத்துப் போட்டார். மிளகுதான் பாஸ் பண்ணியது என்று நீங்கள் சொல்வீர்கள். சொல்லுங்கள். என் வேலையைப் பார்த்து மூன்று அதிகாரிகள் கண்ணீர் விட்டார்கள் என்றுதான் நான் மாத்தளையில் சொல்லி வருகிறேன். உங்கள் இரும்பு அலுமாரியைப் பார்த்து யாராவது அழுதிருக்கிறார்களா?

ஹாஜியாரின் கடிதத்தில் "மிகப் பெரிய வருமானம்" என்ற இடத்தில் மெடம் சிவப்புக் கோடு போட்டதை நான் அவரிடம் சொல்லவில்லை. அக்குறணைச் சம்பந்தம் மறுபடி கூடிவிட்டது, கல்யாணம் முடியட்டும்.

இப்போது என்னைப் பார்க்க எல்லோரும் முன்வாசலாலேயே வருகிறார்கள். றுஸைனா தன் கையால் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போடக் கொண்டுபோகப் போகிறாள். இவ்வளவு சந்தோஷமாக அவளை நான் எங்கள் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை. ஆகவே மச்சான், அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை லுஹர் தொழுகைக்குப் பிறகு வாருங்கள். அன்று சிரித்த நாலு பேரையும் கூட்டி வாருங்கள். வட்டிலப்பம் இங்கே தயாராக இருக்கும், கரண்டியும் இருக்கும், என் வாயும் இருக்கும். கை மட்டும் நீங்கள் கொண்டு வந்தால் போதும். மதினிக்கு ஸலாம். பிள்ளைகளுக்கு என் துஆ. உங்கள் தொழிலிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மச்சான்,
ஏ. எல். எம். ஹாஷிம்,
பதிவு பெற்ற வருமான வரி அறிக்கைத் தயாரிப்பாளர்.

பி.கு.: கடிதத்தை உறையில் போடும் நேரம் றுஸைனா சட்டம் போடும் கடையிலிருந்து திரும்பி வந்துவிட்டாள். சான்றிதழுக்குப் பின்பக்கமும் எழுத்து இருக்கிறதாம், கடைக்காரப் பையன்தான் காட்டினானாம். பதிவு பெற்ற தயாரிப்பாளர் தன் சொந்த வரி அறிக்கையைத் தானே உறுதிப்படுத்தக் கூடாது, பதிவு பெற்ற இன்னொருவர் பார்த்துக் கையொப்பமிட வேண்டும், இந்த மாதம் முடியுமுன் அது போய்ச் சேராவிட்டால் பதிவு இரத்து என்று இருக்கிறது. உடனே கண்டி வரி அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து, நம் மாவட்டத்தில் இதுவரை பதிவு பெற்றவர்கள் யார் யார் என்று கேட்டேன். இரண்டே பேர்தானாம். ஒருவன் நான். ஆகவே மச்சான், ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சிரமப்பட்டு வர வேண்டாம். நாங்களே அன்று முதல் பஸ்ஸில் கலேவெலைக்கு வருகிறோம். வட்டிலப்பத்தை றுஸைனா கொண்டு வருவாள், ஊட்டுவது நானாக இருக்கும். என் பற்றுச்சீட்டுகளையும் கொண்டு வருகிறேன், அவையும் மிளகுச் சாக்கில்தான் இருக்கின்றன, விசிறியை நிறுத்தி வையுங்கள். நீங்கள் பார்த்து முடிக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும். அதுவரை நான் உட்கார வேண்டும், அந்த ஜன்னலோரக் கதிரையில் வேறு யாரையும் இருத்திவிடாதீர்கள்.