உட்கார முடியாத மாப்பிள்ளை

பூனாவில் வாழ்ந்த தமிழர்களிலேயே, ஒரு தப்பை அணுவளவும் பிசகாமல் அப்படியே தப்பாகச் செய்ய வேண்டும் என்று உயிரைக் கொடுத்து உழைத்த ஒரே மனிதர் மில்லிமீட்டர்தான்.

பெயர் நான் வைத்தது. சொந்த ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கம். போசரியில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை. வருகிற உதிரிபாகங்களை அளந்து, தலைமுடி அளவு கூடினாலும் 'ரிஜெக்ட்' என்று சிவப்புச் சாயம் பூசி ஓரமாகத் தள்ளுவார். பிம்ப்ளே சவுதாகரில் நானும் அவரும் ஒரே ஃபிளாட்டில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்கு வந்தாலும் அவருக்கு டியூட்டி முடியாது. சமைக்க வரும் ஷாந்தா மாவ்ஷி போட்ட சப்பாத்தியில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்.

"மாவ்ஷி, ஏக் சைட் மோட்டா ஹை."

"ஜாடீ பாஜூ ஆதீ கா" என்பார் மாவ்ஷி, திரும்பிக்கூடப் பார்க்காமல். தடித்த பக்கத்தை முதலில் தின்னு என்று அர்த்தம்.

இந்த மனிதருக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசை. சின்ன வயதில் ஊர்க் கொட்டகையில் ஒரு விண்வெளிப் படம் பார்த்திருக்கிறார். அதில் தலை முதல் கால் வரை வெள்ளைக் கவசம் மாட்டிய சிப்பாய்கள் வருவார்கள். அந்த உடையை, படத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே, தன் கையால் செய்து போட்டுக்கொள்ள வேண்டும்.

"எல்லாரும் ஹீரோவைப் பாத்தாங்க. நான் கதவோரம் நின்ன சிப்பாயைப் பாத்தேனுங்க. பாவம், ஒரு வசனங்கூட இல்லை. வந்ததும் சுட்டுப்போட்டாங்க" என்றார். சொந்தக்காரர் தவறிப்போனதுபோலக் குரல் கம்மியது.

லேப்டாப்பில் படத்தை நிறுத்தி நிறுத்தி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். ஒருநாள் நான் ஆபீஸிலிருந்து வந்தபோது, தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"இன்னா ஆச்சு?"

"ஹெல்மெட்டு கோணலுங்க. எடது கண்ணு கீழ எறங்கியிருக்குது. மூக்கு நடுவுல இல்லீங்க. படக்காரங்க அவசரத்துல செஞ்சுபோட்டாங்க."

"நீங்க நேரா பண்ணிடுங்க. யாருக்குத் தெரியப்போவுது?"

பொங்கலில் மிளகுக்குப் பதில் கல் கிடந்தது போல என்னைப் பார்த்தார். "நேரா பண்ணுனா தப்பாயிருமுங்க."

அன்றிலிருந்து, கோணலானதையெல்லாம் தூக்கியெறிந்து சம்பளம் வாங்கிய மனிதர், வீட்டுக்கு வந்ததும் கோணல் போதவில்லை என்று வருத்தப்பட ஆரம்பித்தார்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் தலை அச்சு செய்து பால்கனியில் காயவைத்தார். அது கணபதி வரும் சமயம். காக்கூ என்று நாங்கள் கூப்பிடும் மாடி வீட்டு மராத்தி அம்மாள் எட்டிப் பார்த்து, கையெடுத்துக் கும்பிட்டு, "சோண்ட் குடே ஆஹே?" என்று கேட்டார். தும்பிக்கை எங்கே என்கிறார்.

"இஸ்கோ சோண்ட் நஹீ ஹோதா, காக்கூ" என்றார் மில்லிமீட்டர். அவருக்குப் பொய் வராது.

காக்கூ சிறிது யோசித்துவிட்டு, இறங்கி வந்து ஒரு செம்பருத்திப் பூவை அதன் தலையில் வைத்துவிட்டுப் போனார். எதற்கும் இருக்கட்டும் என்று நினைத்திருப்பார்.

அடுத்த கட்டம் பிளாஸ்டிக். தகட்டைச் சூட்டில் இளக்கி அச்சின் மேல் போர்த்தி, அடியிலிருந்து வாக்குவம் கிளீனரால் காற்றை உறிஞ்ச வேண்டும். தகடு அச்சோடு ஒட்டிக்கொள்ளும். முதல் ஹெல்மெட் ஆப்பம் போல வந்தது. இரண்டாவதைப் பார்த்த மாவ்ஷி, இது யார், உங்கள் மாமாவா என்று விசாரித்தார். மூன்றாவதோ நான்காவதோ, சரியான கோணலில் வந்துவிட்டது. அதை மடியில் வைத்துக்கொண்டு அவர் சிரித்த சிரிப்பைப் பார்த்து நானும் சிரித்தேன். மார்பு, கை, தொடைக்கான தகடுகளும் அதே வழியில் ஒவ்வொன்றாக வந்தன.

பூனாவில் இந்தக் கவசப் பைத்தியங்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. அச்சு அசலாகச் செய்தவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டு, குழந்தைகள் விழாக்களில் அணிவகுத்துப் போவார்கள். கவசம் அசல் மாதிரியா என்று பார்த்துச் சொல்லும் சங்கத்துப் பரிசோதகர் மும்பையிலிருந்து அபூர்வமாகத்தான் வருவார். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மாலுக்கு வருகிறார் என்று செய்தி வந்தது. அதே ஞாயிறு சாயங்காலம்தான் மில்லிமீட்டரைப் பார்க்கப் பெண்வீட்டார் வருவதாக ஏற்பாடு. பெண் நந்தினிக்கு ஹிஞ்சவாடியில் வேலை. அப்பா ஈரோட்டிலிருந்து வருகிறார்.

மதியம் கவசம், சாயங்காலம் கல்யாணம் என்று மில்லிமீட்டர் கணக்குப் போட்டிருந்தார். பெண்ணின் அப்பாவோ நல்ல நேரம் காலையில்தான் என்று கணக்குப் போட்டுவிட்டார். நான் கடைசி வாரை இறுக்கிக் கட்டும்போது காலிங்பெல் அடித்தது.

கதவைத் திறந்தேன். வெள்ளை வேட்டியில் பெரியவர், பின்னால் நந்தினி. ஹாலின் நடுவில் நின்ற உருவம் இரு கைகளையும் கூப்பியது. 'டப்' என்று சத்தம் வந்தது.

"வாங்க மாமா." கிணற்றுக்குள்ளிருந்து வந்தது போலக் குரல்.

பெரியவர் என்னைப் பார்த்தார். "மாப்பிள்ளை எங்கீங்க?"

"அவருதாங்க."

பெரியவர் சோபாவில் மெல்ல உட்கார்ந்தார். ஈரோட்டு மஞ்சள் வியாபாரி. லேசில் அசரமாட்டார். "உக்காருங்க மாப்பிள்ளை" என்றார்.

"இருக்கட்டுங்க மாமா."

"அட, உக்காருங்க."

"முடியாதுங்க."

பெரியவரின் முகம் மலர்ந்துவிட்டது. "பாரு கண்ணு, பெரியவங்க முன்னாடி உக்கார மாட்டேங்கறாரு. இந்தக் காலத்துல ஆரு இருக்காங்க இப்படி?"

அத்தோடு விட்டிருக்கலாம். வாயைத் திறக்காதீர்கள் என்று அவர் காலை மிதித்தேன். பிளாஸ்டிக்குக்கு என்ன தெரியும்?

"மருவாதி இல்லீங்க மாமா. உக்காந்தா தொடை வெடிச்சுருமுங்க."

பெரியவர் குனிந்து அந்தத் தொடையைப் பார்த்தார். அப்புறம் நந்தினி சிரித்தாள். வாயைப் பொத்தியும் அடங்காமல் சிரித்துவிட்டு, அருகில் வந்து ஹெல்மெட்டை உற்றுப் பார்த்தாள்.

"ஏனுங்க, ஒரு கண்ணு கீழ எறங்கியிருக்குதுங்களா?"

ஹெல்மெட் சட்டென்று அவள் பக்கம் திரும்பியது. அத்தனை காலத்தில் அதை யாரும் கண்டுபிடித்ததில்லை. நானே அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

"தெரியுதுங்களா?" என்றார் மில்லிமீட்டர். கல்யாணம் அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

மாலில் பரிசோதனை என்ற விஷயத்தைக் கேட்ட பெரியவர், "அப்ப கெளம்புங்க, நேரமாகுதல்ல" என்றார். உட்கார முடியாதவரை எந்தக் காரில் ஏற்றுவது? அதற்கும் அவரே வழி சொன்னார். "மூட்டை ஏத்தற டெம்போ ஒண்ணு புடிங்க. நின்னுக்கிட்டே போயரலாம்."

டெம்போவின் பின்னால் வெள்ளைக் கவச சிப்பாய். அவர் கையை இறுக்கிப் பிடித்தபடி வெள்ளை வேட்டி மாமனார். அருகில் நந்தினியும் நானும். பைக்குக்காரர்கள் எங்கள் பின்னாலேயே வந்தார்கள். தெருப் பிள்ளைகள் சல்யூட் அடித்தார்கள். சிக்னலில் ஒரு டிராஃபிக் போலீஸ்காரர் நிறுத்தினார். மேலும் கீழும் பார்த்தார். எந்தக் குற்றத்தில் சேர்ப்பது என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"ஹெல்மெட் ஆஹே. ஜா" என்று அனுப்பிவிட்டார். ஹெல்மெட் இருக்கிறதாம், போகலாமாம்.

மாலில் பரிசோதகராக வந்த தாடி வைத்த இளைஞர், கையில் போட்டோக்களோடு சுற்றிச் சுற்றி வந்தார். கண்ணைப் பார்த்துத் தலையாட்டினார். மூக்கைப் பார்த்துப் புன்னகைத்தார். கன்னத்தில் போட்டிருந்த நீலக்கோடுகளைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"யே தோ பஹுத் சீதா ஹை." ரொம்ப நேராக இருக்கிறதாம். படத்தில் அதை யாரோ கையால் இழுத்திருக்கிறார்கள், கோடு நடுங்கும். "ரிஜெக்ட்."

அந்த வார்த்தையை ஆயுள் முழுக்கச் சொல்லிவந்தவர், முதன்முதலாகக் கேட்டார். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். முகம் சுண்டிப்போயிருந்தது. கோடு போட அவர் ஸ்டென்சில் வெட்டியிருந்தார். கோணலாகக் கோடிழுக்க அந்தக் கைக்கு வராது.

"பெயிண்ட் இருக்குதுங்களா?" என்றாள் நந்தினி. "ஆபீஸ் கோலப் போட்டியில கடைசியா வந்தவ நான். கோணலா இழுக்கறதுன்னா எங்கிட்ட உடுங்க."

அந்த ஹெல்மெட்டைத் தூசி தட்டக்கூட என்னை அவர் விட்டதில்லை. இப்போது அதை அவளிடம் நீட்டினார். பையிலிருந்து பழைய கோட்டை அழிக்கும் திரவம், நீலச் சாயம், பிரஷ் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துவிட்டு, ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்பவர்போலச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அவள் இழுத்த கோடுகள் ஆளுக்கொரு திசையில் போயின. பரிசோதகர் போட்டோவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வேறோர் ஆளைக் கூப்பிட்டும் காட்டினார். பிறகு மில்லிமீட்டரின் மார்புத் தகட்டில் தட்டி, "வெல்கம்" என்றார்.

அன்று சாயங்காலம் அந்த மாலில் சிப்பாய்கள் அணிவகுத்துப் போனபோது, பக்கத்திலேயே பையைத் தூக்கிக்கொண்டு நடந்த பெரியவர் கண்ணில் பட்டவரிடமெல்லாம், "ஹமாரா மாப்பிள்ளை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எந்தச் சிப்பாய் என்றுதான் யாருக்கும் புரியவில்லை.

இப்போது மில்லிமீட்டரும் நந்தினியும் கல்யாணமாகி ரஞ்சன்காவ் பக்கம் குடியிருக்கிறார்கள். அவர் வேலை மாறிவிட்டார்; கவசத்தை விடவில்லை. ஏதாவது குழந்தைகள் விழாவில் வெள்ளைக் கவசத்தோடு ஓர் ஆள் கதவோரம் அசையாமல் நிற்பதைப் பார்த்தால், பக்கத்தில் போய், தண்ணீர் வேண்டுமா என்று தமிழில் கேளுங்கள். வேண்டாமுங்க என்பார். உள்ளே நல்ல தாகமாக இருக்கும், கொடுத்துவிட்டு வாருங்கள்.