இரண்டாவது புள்ளி

ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆவடியில் ஒரு டாக்கீஸில் பதினாறு வருஷம் ஆபரேட்டராக இருந்தேன். கல்யாணமாகி ஒன்பது வருஷம் வரை மனைவி பக்கத்தில் உட்கார்ந்து ஒரு படம் பார்த்ததில்லை.

காரணம் புள்ளி. அப்போது ரெண்டு மெஷின். ரீல் முடியப் போகும்போது திரையின் வலது மூலையில் ஒரு புள்ளி வரும். உடனே அடுத்த மெஷினை ஓடவிட வேண்டும். எட்டு எண்ணுவதற்குள் இன்னொரு புள்ளி. இதை மூடி அதைத் திறக்க வேண்டும். ஜனங்களுக்குத் தெரியவே கூடாது. நான் ஒரு புள்ளியை விட்டதில்லை. (ஜுரத்தில்கூட.)

தொண்ணூறுகளில் முதலாளி தானியங்கி மெஷின் வாங்கினார். ரீலையெல்லாம் ஒன்றாக ஒட்டி ஒரே பெரிய தட்டில் சுற்றிவிடலாம். பட்டனைத் தட்டினால் விளக்கு அணையும், படம் ஓடும். பழைய ரெண்டும் காயலான் கடைக்குப் போயின.

"இனிமே நீயும் ஒக்காந்து படம் பாருய்யா," என்றார்.

வீட்டில் மனைவி செல்வியும் விடவில்லை. "நாளைக்கு மேட்னிக்கு நானும் வரேன். நடுவுல எழுந்தே, பட்டாபிராம்ல எங்கம்மா ஊட்டுக்குப் பூடுவேன்."

வாக்குக் கொடுத்தேன்.

பால்கனி கடைசி வரிசை. அவள் பட்டுப்புடவை. (நான் சவரம் செய்திருந்தேன்.) கால் மணி நேரம் நல்ல கணவனாக இருந்தேன்.

வலது மூலையில் புள்ளி.

ரீல்கள் ஒட்டியாயிற்று, புள்ளிக்கு இனி வேலை இல்லை. அதை என் காலுக்கு யாரும் சொல்லவில்லை. ஓடியது.

"யோவ், காலு! காலு!" என்று ஒருவர் அலறினார்.

ஆறு படி ஏறி அறைக்குள் பாய்ந்தேன். ரெண்டாவது புள்ளிக்குக் கச்சிதமாக மெஷினை மூடினேன். அடுத்ததைத் திறக்கக் கையை நீட்டினேன். சுவர்தான் இருந்தது.

திரையில் இருட்டு. கதாநாயகி அழும் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் விசில். "டேய் ஆபரேட்டரு, தூங்கினுகீறியா?"

மறுபடி திறந்தேன். முதலாளி மூச்சிரைக்க ஏறி வந்தார்.

"மெஷினுக்கு இன்னாய்யா ஆச்சு?"

"மெஷின் நல்லாதான் கீது, மொதலாளி."

திரும்பிப் போய் உட்கார்ந்தேன்.

"எங்கய்யா போனே?" என்றாள் செல்வி.

"புள்ளி வந்திச்சு."

"புள்ளியா? இத்தினி வருஷமா படம் பாக்கறேன், எனக்கு ஒண்ணும் தெரியலியே?"

பதினாறு வருஷ உழைப்புக்கு அதைவிடப் பெரிய பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

அவள் பட்டாபிராம் போகவில்லை. முந்தானையால் என் மணிக்கட்டை இழுத்து நாற்காலிக் கையோடு கட்டிவிட்டாள். அடுத்த புள்ளி வந்தபோது முந்தானைதான் கிழிந்தது.

இன்றைக்கும் குடும்பத்தோடு சினிமாவுக்குப் போனால், விளக்கு அணைந்ததும் மகள் குரல் கொடுப்பாள்:

"யம்மா, நைனாவைக் கட்டிட்டியா? படம் போடப் போறான்."