கலங்கிய பை

கண்ணகை வார்டுக்குள் வந்ததும் கணவனின் முகத்தைப் பார்க்கமாட்டாள். குனிந்து, கட்டிலின் கீழ்ச்சட்டத்தில் தொங்கும் சிறுநீர்ப் பையைத்தான் பார்ப்பாள். அன்றும் அது கஞ்சித்தண்ணீர் போலக் கலங்கிக் கிடந்தது.

“இண்டைக்கும் தெளியல்ல,” என்றாள்.

“எனக்கு ஒண்டும் இல்லகா. சும்மா இரி,” என்றான் யோகராசா.

“ஒங்களுக்கென்ன தெரியும்? இடுப்புக்குக் கீழ ஒண்டும் தெரியாதெண்டுதானே இஞ்ச கிடக்கிறீங்க.”

யோகராசா சிரித்தான். கொக்கட்டிச்சோலையில் வயல்வட்டைக்குத் தண்ணீர் கட்டப் போனவனின் முதுகில், யார் சுட்டதென்று தெரியாத வெடி ஒன்று பட்டது. முள்ளந்தண்டு போனதோடு கால்களும் போயின. சிறுநீர் குழாய் வழியே இறங்கியது.

சண்டை வார்டை நிரப்பியிருந்தது. யோகராசாவின் கட்டில் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. இந்தப் பக்கம், கட்டில் போதாததால் கல்லின்மேல் பலகை அடுக்கி, யாக்கோப்பைப் படுக்கவைத்திருந்தார்கள். வாவியில் தோணிக்குள் வைத்துச் சுடப்பட்டவன். அவனுக்கும் அதே காயம், அதே குழாய். இரண்டுக்கும் நடுவில் கண்ணகை ஒரு முக்காலி போட்டுக்கொள்வாள்.

கிருமிக்கு மருந்து கொடுக்கும்படி டொக்டர் அருமைநாயகத்தை மறித்துக் கேட்டாள். குழாய் போட்ட எல்லாருக்கும் சிறுநீர் கலங்கும் என்றார் அவர். கிருமி அங்கே குடியிருக்கும். காய்ச்சலும் நடுக்கமும் இல்லாதவரை அதைச் சீண்டக்கூடாது. சும்மா மருந்து கொடுத்தால் கிருமி அதற்குப் பழகிவிடும், தேவைப்படும் நாளில் கேட்காது.

“நீங்க பையைப் பாக்காதீங்க அம்மா. ஆளைப் பாருங்க.”

பெரிய ஆட்களுக்கென்று மருந்தைப் பூட்டி வைத்திருக்கிறார் என்று கண்ணகை முடிவுகட்டினாள்.

முதலில் இளநீர் கொண்டுவந்தாள். யோகராசா கொஞ்சம் குடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். மிச்சமெல்லாம் யாக்கோப்புக்குப் போனது. மறுநாள் பை தெளிந்திருந்தது. கண்ணகை வார்டெல்லாம் சொல்லித் திரிந்தாள். அதற்கடுத்த நாள் இளநீர் கிடைக்கவில்லை. பை பழையபடி கலங்கியது.

பிறகு, அதே வார்டில் கிடந்த தன் தம்பியைப் பார்க்க ஓட்டமாவடியிலிருந்து வரும் மஜீட்டைப் பிடித்தாள். சோதனைச்சாவடியில் மருந்தைக் கண்டால் ஆயிரம் கேள்வி வரும். அவர் கிருமிக் குளிசைகளைப் பேரீச்சம்பழத்துக்குள் கொட்டைக்குப் பதிலாகச் செருகிக் கொண்டுவந்தார். யோகராசா பழமும் குளிசையுமாக விழுங்கினான். பை தெளிந்த நாளில் நிறுத்தினாள். கலங்கிய நாளில் தொடங்கினாள். வேறு நிறத்தில் ஒரு குளிசையும் கொண்டுவரச் சொன்னாள்.

அவனுக்கு வயிற்றால் போனது. முதுகில் ஆறிவந்த படுக்கைப் புண் நனைந்து திறந்துகொண்டது. பையோ கலங்கியே இருந்தது.

“பேரீச்சம்பழம் கூடிப்போச்சு போல,” என்றான் யோகராசா.

காய்ச்சல் இருந்தால்தானே ஊசி போடுவார்கள் என்று கண்ணகை யோசித்தாள். தாதி அஞ்சலா வெப்பமானியை அவன் வாயில் வைத்துவிட்டு அப்பால் போனபோது, அதை எடுத்துத் தேநீருக்குள் வைத்துவிட்டுத் திரும்ப அவன் வாயில் செருகினாள். அஞ்சலா வந்து பார்த்தாள். பிறகு யோகராசாவைப் பார்த்தாள்.

“இந்தச் சூட்டுக்கு இவர் இந்நேரம் வெந்திருக்கணுமே அக்கா.”

பக்கத்துக் கட்டில்களெல்லாம் சிரித்தன. யாக்கோப்பு சிரிக்கவில்லை. எதையோ சொல்ல வாயெடுத்தவன், கண்ணகை வழக்கம்போலக் குனிந்து பையைத் தடவிப் பார்ப்பதைக் கண்டு பேசாமல் இருந்துவிட்டான்.

உண்மையான காய்ச்சல் அந்தக் கிழமையே வந்தது. யோகராசா பல்லடிக்க நடுங்கினான். அஞ்சலா ஓடினாள், டொக்டரும் உடனே வந்தார். பூட்டியிருந்ததாகக் கண்ணகை நம்பிய ஊசியை அவரே எடுத்துப் போட்டார். காய்ச்சல் இறங்கவில்லை. வேறு ஊசி போட்டார். அதற்கும் அசையவில்லை.

“வெளியில ஏதும் குடுத்தீங்களா?”

கண்ணகை பேரீச்சம்பழத்தைச் சொன்னாள். அவர் ஏசவில்லை. இனி வேலைசெய்யக்கூடிய மருந்து கொழும்பில்தான் இருக்கிறது என்றார். கொழும்புக்குப் போகும் பொலன்னறுவைப் பாதை சண்டையால் மூடிக் கிடந்தது.

“இஞ்சேருங்க,” என்று கண்ணகை கணவனின் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். அவன் கண் திறந்தான்.

“இண்டைக்குத்தான் என்னைப் பாக்கிற,” என்றான்.

பாதை திறக்குமுன் யோகராசா இறந்துபோனான்.

காரியமெல்லாம் முடிந்தபின், அவனுடைய பாயையும் கோப்பையையும் எடுக்கக் கண்ணகை வார்டுக்கு வந்தாள். கட்டில் வெறுமையாக இருந்தது. பழக்கத்தில் குனிந்தாள். கீழ்ச்சட்டத்தில் பை தொங்கியது. கலங்கலாக, முக்கால்வாசி நிறைந்து. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழாயில் ஒரு சொட்டு இறங்கியது.

“இன்னும் இதைக் கழட்டல்லயா?” என்றாள்.

பலகையில் கிடந்த யாக்கோப்பு முகத்தைக் கையால் மூடிக்கொண்டான்.

“அது எப்பவும் என்ட பைதான் அக்கா. பலகையில கொளுவ இடமில்லண்டு அண்ணன்ட கட்டில்ல கொளுவினவங்க. அவர்ட பை சுவர்ப் பக்கம். சொல்லத்தான் இரிந்தன். ஆனா, என்னை நாளாந்தம் வந்து குனிஞ்சு பாக்க வேற ஆருமில்ல.”