வெள்ளைப் பவுடர் விஷயமாக அண்ணனுக்கு

மரியாதைக்குரிய அண்ணன் அவர்களுக்கு, பண்ணையிலிருந்து தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மனைவி, ஷெட்டுக் கூரை எல்லாம் சௌக்கியம். கோழிகளைப் பற்றிக் கேட்காதீர்கள், நானே சொல்கிறேன். அங்கே தங்கள் முழங்கால் வலியும் பிடிவாதமும் குறைந்திருக்கும் என நம்புகிறேன்.

தாங்கள் கோபித்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய் எட்டு மாதமாகிறது. "தீவனத்துல மெத்தியோனின் பவுடரைப் போடு. போட்டேன்னு சேதி வந்தாத்தான் இந்த கேட்டுக்குள்ள கால் வைப்பேன்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கினீர்கள். அந்தச் சத்து இல்லாவிட்டால் கோழிக்கு இறகும் வளராது, சதையும் பிடிக்காது என்று எனக்கும் தெரியும். அதைத் தொழிற்சாலை மூட்டையிலிருந்துதான் எடுக்க வேண்டுமா, இயற்கையில் கிடையாதா என்று ஒரு வார்த்தை கேட்டேன். அதற்கு என்னை முட்டாள் என்றீர்கள். அதுகூடப் பரவாயில்லை, மூட்டை இறக்க வந்தவர்கள் முன்னால் சொன்னீர்கள் பாருங்கள், அதைத்தான் மறக்க முடியவில்லை.

ஆகவே முதலில் கருவாட்டுத் தூள் போட்டேன். சத்துக்குக் குறையே இல்லை. கை கொஞ்சம் தாராளமாகிவிட்டது, அவ்வளவுதான். கோழிகள் கொழுகொழுவென்று கறிக்கடைக்குப் போயின. நாலாம் நாள் கறிக்கடைக்காரர் போன் செய்தார். "என்னங்க இது, கோழி வாங்கிட்டுப் போனவங்க திரும்பி வந்து, இது என்ன மீனுன்னு கேக்கிறாங்க!" அந்த ஒரு மாதமும் தெருவில் இருந்த பூனை ஒன்று பாக்கியில்லாமல் நம் கேட்டில்தான் குடியிருந்தது.

சரி, கருவாடு வேண்டாம் என்று ஈப்புழு வளர்த்தேன். பின்கதவுப் பக்கம் டிரம் வைத்து, காய்கறிக் கழிவைப் போட, புழுக்கள் தின்று கொழுத்தன. ஆனால் வளர்ந்து முடிந்ததும் அவை இருந்த இடத்தை விட்டுக் கிளம்பிவிடும் என்று ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லை. அன்றைக்குப் பார்த்து மச்சினி வந்திருந்தாள். புறப்படும்போது செருப்புக்குள் காலை விட்டாள். அவள் போட்ட சத்தத்தில் கோழிகள் அன்று தீனியே எடுக்கவில்லை. ஒற்றைச் செருப்போடு போனவள் இன்னும் எங்களோடு பேசவில்லை. என் மனைவியும் ரெண்டு நாள் பேசலை, மூணாம் நாள் பேசினா, பேசாமலே இருந்திருக்கலாம்.

மூன்றாவதாக எள்ளுப் புண்ணாக்கும் சூரியகாந்திப் புண்ணாக்கும். அது கட்டிகட்டியாய் மாட்டி, கலவை மெஷின் ஒரு தரம் முனகிவிட்டு நின்றுபோனது. வேறு வழியில்லாமல் பழைய மண்வெட்டியை எடுத்தேன். நம்ம ரெண்டு பேர் மண்வெட்டியும் சுவரோரம் சாய்ச்ச மேனிக்கு அப்படியே இருந்துச்சுண்ணா. உங்களுதுல பிடியில நீங்க சுத்தின துணிகூட அவிழலை. மெஷின் வர்றதுக்கு முன்னாடி குவியலுக்கு அந்தப் பக்கம் நீங்க, இந்தப் பக்கம் நான். மூணு புரட்டு புரட்டினா கலவை முடிஞ்சிடும். நடுவுல தவிட்டுத் தூசி ஏறி நீங்க தும்ம ஆரம்பிப்பீங்க, சரியா ஏழு தும்மல், நான் எண்ணிக்கிட்டே நிப்பேன். பவுடரும் மெஷினும் ஒரே வருஷம்தான் வந்துச்சு. பட்டனைத் தட்ட ஒரு ஆள் போதும்னு ஆயிடுச்சு. நீங்க ஆபீஸ் ரூமுக்குள்ள போயிட்டீங்க. நான் பவுடரைத் திட்ட ஆரம்பிச்சேன். இப்ப தனியாப் புரட்டினா குவியல் ஒரு பக்கமாவே சரியுது.

குவியல் சரிந்து சத்து சமமாகக் கலக்காததன் பலன் கோழிகளின் முதுகில் தெரிந்தது. ஒன்றின் இறகை ஒன்று பிடுங்கித் தின்ன ஆரம்பித்தன. கால்நடை டாக்டர் வந்து பார்த்துச் சிரித்தார். "தீனில கிடைக்காத சத்தைப் பக்கத்துக் கோழி முதுகுல தேடுதுங்க. அதுங்களுக்கு இருக்கிற விவரம் உங்களுக்கு இல்லையே!" ஆனால் அண்ணா, நான் அசரவில்லை. எள்ளுப் புண்ணாக்கைக் கொஞ்சம் கூட்டினேன். இப்போது பதினைந்து நாளாக இறகு மளமளவென்று முளைக்கிறது. எடையும் ஏறுகிறது. எனவே இயற்கை ஜெயித்துவிட்டது, பவுடர் இந்தப் பண்ணைக்குள் வராது. தாங்கள் வருவதும் வராததும் தங்கள் இஷ்டம். நானாகக் கூப்பிடுவேன் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் அன்பு. பேரப்பிள்ளைகள் நல்ல எடையோடு வளர என் ஆசி. தங்களுக்கு, எனக்கு முன்னால் பிறந்துவிட்டீர்கள் என்ற ஒரே காரணத்துக்காக, என் நமஸ்காரம்.

இப்படிக்கு,
தோற்காத தம்பி

பி.கு: உறையை ஒட்டப் பசை கேட்டேன். என் மனைவி கடிதத்தை வாங்கிப் படிச்சா. படிச்சிட்டு உள்ளே போய், அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேஜையில வெச்சா. வெள்ளைப் பவுடர். "பதினஞ்சு நாளா நான்தான் தவிட்டுல கலந்து போடறேன். உங்க அண்ணன்கிட்ட போன்ல அளவு கேட்டுக்கிட்டேன்"னு சொல்றா. அப்படின்னா பவுடர் போட்ட சேதி உங்களுக்குப் பதினஞ்சு நாளாத் தெரியும். இருந்தும் நீங்க வரலை. நான் கூப்பிடணும்னு உக்காந்திருக்கீங்க. சரி, கூப்பிடறேன். வாங்கண்ணா. பவுடரையே போட்டுக்கலாம். மெஷினைச் சரிபண்ண ஆள் வந்தார், வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டேன்.