ஒற்று மிகாக் கடிதங்கள்

சென்ற செவ்வாய்க்கிழமை, காலைக் காப்பிக்கும் குளியலுக்கும் இடைப்பட்ட நேரத்தில், ஒரு நிறுவனத்தின்மீது போர் தொடுப்பது என்று முடிவு செய்தேன்.

நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் இலக்கணம் கற்பித்து ஓய்வு பெற்றவன். அந்நிறுவனத்தின் தட்டச்சு மென்பொருளுக்குப் பத்தொன்பது ஆண்டுகளாக விசுவாசி. முதற்பதிப்பு மஞ்சள் பெட்டியில், குறுவட்டாக வந்தது. ஒற்றுப்பிழை நேர்ந்தால் சொல்லுக்குக் கீழே சிவப்புக் கோடு ஒன்று நெளியும். என் சிவப்புப் பேனாவுக்கு ஓர் உடன்பிறப்பு கிடைத்ததுபோல் மகிழ்ந்தேன். அடுத்தடுத்து வந்த பதிப்புகளையும் ஒன்று விடாமல் வாங்கினேன்.

திங்களன்று ஏழாம் பதிப்பு தானே வந்து உட்கார்ந்துகொண்டது. மறுநாள் அதன் குணம் தெரிந்தது. வல்லினம் மிக வேண்டிய இடத்தில் விழுங்கியது. மிகக் கூடாத இடத்தில் துப்பியது. முறையீட்டுக் கடிதத்தின் அடியில் ‘தங்கள் நெடுநாள் வாடிக்கையாளர்’ என்று தட்டினேன். ‘வேடிக்கையாளர்’ என்று திருத்தியது. மூன்று முறை மாற்றினேன். மூன்று முறையும் வேடிக்கையாளனாகவே நின்றேன்.

இவற்றைக்கூடப் பொறுத்திருப்பேன். ஆனால், ‘கடிதங்கள்’ என்னும் என் பழைய கோப்பைத் திறந்தால், எழுத்துகள் இருந்த இடமெல்லாம் வெறும் கட்டங்கள்.

திருமணமான புதிதில் இரண்டாண்டுகள் எனக்கு வேறோர் ஊரில் வேலை. அப்போது என் மனைவி எனக்கு அறுபத்து மூன்று கடிதங்கள் எழுதினாள். வரும் மாதம் எங்கள் நாற்பதாவது திருமண நாள். அக்கடிதங்களைத் தட்டச்சு செய்து, நூலாக்கி, அன்று அவள் கையில் தருவது என் இரகசியத் திட்டம். அவள் கண்ணயரும் மதிய நேரங்களில், ஐந்து மாத உழைப்பு. போகிற போக்கில் பிழைகளையும் திருத்தினேன். கடிதங்கள் வந்த காலத்திலேயே திருத்தித் திருப்பி அனுப்பும் அளவுக்கு நான் மூடன் அல்லேன். நாற்பது ஆண்டுகள் பொறுத்திருந்தேன்.

மூலத்தாள்கள் இருக்கின்றனவே என்று மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்தேன். காலி. முந்தின வாரம் பழைய தாள்களை எடைக்குப் போட்டது நான்தான். அவளுடைய இருபது வயது அந்தக் கட்டங்களுக்குள் மட்டுமே மிஞ்சியிருந்தது.

ஒரு கடிதம் நினைவில் ஓடியது. ‘உங்க குடை கதவுக்கு பின்னாலயே தொங்குது. அத எடுத்தா நீங்க ஊர்ல இல்லன்னு ஆயிடும். அதனால நனஞ்சுகிட்டே கடைக்கு போனேன்.’ இரண்டிடத்தில் ‘ப்’ விட்டிருந்தாள். அன்றே அதைக் கவனித்தேன். ஆயினும், அந்த மழையில் நானும் நனைந்தேன்.

நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். மனைவி எதிரே அமர்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். சேவைப்பிரிவுப் பெண் பொறுமைசாலி. கணினியை அணைத்துவிட்டுப் போடச் சொன்னார். போட்டேன். கட்டங்கள் கட்டங்களாகவே இருந்தன. பதிப்பு தானே வந்துவிட்டது என்று குற்றம் சாட்டினேன்.

“தானா வராது சார். உங்க வீட்ல யாரோ மூணு தடவ ‘ஆம்’ குடுத்திருக்காங்க.”

வீட்டில் நாங்கள் இருவர். நான் கொடுக்கவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டு எதிரே பார்த்தேன்.

“நான்தான் அமுக்கினேன்,” என்றாள். பீன்ஸ் நறுக்கும் கத்தி நிற்கவில்லை.

“எச்சரிக்கை வந்திருக்குமே?”

“வந்துச்சு. பழைய கோப்பு திறக்காது, சம்மதமான்னு கேட்டுச்சு. இந்த வீட்ல என் சம்மதத்தக் கேட்ட மொத ஆளு அதுதான். ஆமான்னேன்.”

“அதுல என்ன இருந்துச்சுன்னு தெரியுமா உனக்கு?”

“படிச்சேனே. ‘தங்களைக் காணும் அவா மேலிடுகிறது.’ யாருங்க அந்தப் பொம்பள?”

“நீதான்.”

“நான் ‘உங்கள பாக்கணும் போல இருக்கு’ன்னு எழுதினேன். இதப் படிச்சா புள்ளைங்க, அம்மா ஏதோ ஆபீசுக்கு மனு போட்டிருக்கான்னு நினைப்பாங்க.”

மூலத்தாள்களை எடைக்குப் போட்டுவிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். வாக்கியம் பயனிலை இல்லாமலே முடிந்தது.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். தன் துணி அலமாரியிலிருந்து ஒரு கடிதக் கட்டை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். அறுபத்து மூன்றும் இருந்தன, தேதி வரிசையில்.

“செவப்புப் பேனா இருக்கற மேசையில இதயெல்லாம் விட்டு வைப்பேனா?”

அன்று மதியம் அவள் உறங்கவில்லை. பக்கத்தில் அமர்ந்து வாசித்தாள். நான் உள்ளது உள்ளபடி தட்டினேன். ‘கதவுக்கு பின்னாலயே’ என்ற இடத்தில் என் விரல் ‘ப்’பைத் தேடிப் போனது. ஏழாம் பதிப்பு தேடவில்லை; அப்படியே ஏற்றுக்கொண்டது.

“நல்ல சாமான்,” என்றாள். “என்ன மாதிரியே எழுதுது.”

முறையீட்டுக் கடிதத்தை அழித்தேன். ஆயினும், முப்பத்து நான்கு ஆண்டுக் கௌரவம் ஒன்று இருக்கிறதே. அந்நாளில் நான் அவளுக்கு எழுதிய மறுமொழிகளையும் நூலில் சேர்த்தால் என்ன, அவற்றில் ஒரு பிழைகூட இராதே என்றேன்.

“இல்லதாங்க,” என்றாள், அடுத்த தாளைப் பிரித்தபடி. “அதான் ஒண்ணக்கூட ரெண்டாவது தடவ படிக்கல.”