ஐந்து நாட்டுச் சுருட்டு

குளியலறைக் கதவைத் தாழிட்டு, பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, ஐம்பத்திரண்டாவது வயதில் தன் வாழ்க்கையின் முதல் சுருட்டை இரண்டு இழுப்பு இழுத்திருந்தார் சீனிவாசலு. மூன்றாவது இழுப்புக்குள் வாசல் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. பீளமேட்டில் காதுகுத்துக்குப் போன மனைவி பத்மாவதி சாப்பாடு முடிந்துதான் வருவாள் என்று நம்பியிருந்தார். இன்றைக்கென்று பார்த்து அந்தப் பொற்கொல்லர் நேரத்தோடு வந்து குத்தித் தொலைத்திருக்கிறார்.

தலை கிறுகிறுத்தது. காலையில் சாப்பிட்ட பணியாரம் மேலே வரலாமா, கீழேயே இருக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, உள்ளே என்ன கருகுது?"

"ஹீட்டர் வயரு, பத்மா."

"நம்ம பாத்ரூம்ல ஹீட்டரே கெடையாதுங்களே."

அதற்குமேல் பொய் சொல்லத் தெம்பில்லை. கையிலிருந்ததை அண்டாத் தண்ணீருக்குள் போட்டுவிட்டுக் கதவைத் திறந்தார். அவருக்கு முன்னால் புகை வெளியே வந்தது. கோபம் வந்தால் பத்மாவதிக்குத் தமிழ் மறந்து தெலுங்குதான் வரும். அன்று வந்தது. முனியப்பனைத் தவிர வேறு யாரும் சுருட்டுப் பிடிப்பதை அவள் ஒப்புக்கொள்வதில்லை. அவள் அப்பாவுக்கே மாடிப்படிக்குக் கீழேதான் இடம் கொடுத்திருந்தாள்.

"ஆசைப்பட்டா பிடிச்சேன்? இது ஆர்டருக்காக," என்றார் சீனிவாசலு, சுவரைப் பிடித்துக்கொண்டே.

அது தொண்ணூற்றாறாம் வருஷம். பெரியநாயக்கன்பாளையத்தில் அவருடைய வார்ப்படப் பட்டறையில் உலை வாரத்துக்கு ஒருநாள்தான் எரிந்தது. முப்பத்திரண்டு ஆட்களில் பாதிப் பேரை, மூன்று நாள் வந்தால் போதும் என்று சொல்லியாயிற்று. அடுத்த மாதம் அதையும் சொல்ல முடியாது, பட்டறைக்குப் பூட்டுத்தான். அந்த நேரத்தில்தான் ஹாலந்திலிருந்து யான்சன் வந்தார். நாலாயிரம் பம்புக்கூடு வேண்டும் என்றார். பட்டறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, உட்கார்ந்ததும் முதலில் கேட்டது, சீனிவாசலுவுக்குச் சுருட்டு பிடிக்குமா என்பதுதான்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் வீடு தேடி வந்தவரிடம் இல்லை என்று சொல்கிற வழக்கம் இந்தப் பக்கம் கிடையாது. ரொம்பப் பிடிக்கும் என்று சொல்லிவிட்டார். அதைவிடக் கூடுதலாக, தினமும் ராத்திரி ஒன்று என்றும் சேர்த்துக்கொண்டார். யாரும் கேட்கவில்லை.

யான்சன் முகம் மலர்ந்துபோனது. பையிலிருந்து ஒரு மரப்பெட்டியை எடுத்துத் திறந்தார். உள்ளே ஐந்து சுருட்டுகள், ஒவ்வொன்றின் இடுப்பிலும் ஊர் பேர் அச்சடித்த காகிதப் பட்டை. கியூபா, பிரேசில், சுமத்ரா, ஹோண்டுராஸ், கேமரூன். சீனிவாசலு பயத்தில் பட்டைகளைத்தான் பார்த்தார், சுருட்டைப் பார்க்கவில்லை. இருபது நாள் கழித்து வருகிறேன், ஒவ்வொன்றும் எப்படி வேறுபடுகிறது என்று நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டும் என்றார் யான்சன். எல்லாமே நன்றாக இருக்கிறது என்று சொல்கிறவரிடம் தான் சரக்கு வாங்குவதில்லை என்றும், நுட்பமாக வித்தியாசம் பார்க்கத் தெரிந்தவர்தான் நல்ல வார்ப்பும் கொடுப்பார் என்றும் சொல்லிவிட்டு விமானம் ஏறிப் போய்விட்டார்.

தொழில் சம்பந்தமாக எது வந்தாலும் முதலில் சாமியிடம் போவது அந்த வீட்டு வழக்கம். புதுப் பில் புத்தகமானாலும் லாரிச் சாவியானாலும் அப்படித்தான். பெட்டி இரண்டு நாள் பூஜை அலமாரியில் இருந்தது. செவ்வாய்க்கிழமை பத்மாவதி அதை எடுத்துக்கொண்டு போய் முனியப்பன் காலடியில் வைத்து, ஆர்டர் கிடைத்தால் பொங்கல் வைப்பதாக வேண்டிக்கொண்டு வந்தாள். இனிப்புப் பெட்டி என்று நினைத்திருப்பாள் என்றுதான் சீனிவாசலு எண்ணியிருந்தார்.

எல்லாவற்றையும் அவர் சொல்லி முடித்தபோது பத்மாவதியின் கோபம் பாதியில் நின்றுவிட்டது.

"அப்போ இந்த அஞ்சையும் பிடிச்சுச் சொன்னாத்தான் ஆர்டருங்களா?"

"ஆமா. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு தேசம். தப்பாச் சொன்னா பட்டறைக்குப் பூட்டுத்தான்."

அவள் எதையோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு பால் பொங்குகிறது என்று அடுப்பைப் பார்க்கப் போனாள். அடுப்பில் பால் இருந்ததாகச் சீனிவாசலுவுக்கு ஞாபகமில்லை. ஆனால் அவருக்கு அப்போது எதுவுமே ஞாபகமில்லை. அண்டாவிலிருந்து கியூபாவை எடுத்து, ஜன்னல் திண்டில் காயப்போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை பத்மாவதியே ஒரு வழி சொன்னாள். இனி அவர் சுருட்டைத் தொடவே கூடாது, புகையிலை தெரிந்தவர் யாரையாவது கூப்பிட்டுக் கேட்டால் போதும் என்றாள்.

சீனிவாசலுவுக்குப் புகையிலை தெரிந்தவர் ஒருவரைத்தான் தெரியும். கூடப்படித்த பாலுசாமி. கொடுமுடிக்குப் பக்கத்தில் முப்பது வருஷமாகப் புகையிலை போடுகிறார். கண்ணை மூடிக்கொண்டு இலையை மோந்து, எந்தத் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீர் பாய்ந்தது என்று சொல்லக்கூடியவர் என்று பேர். தந்தி மாதிரி ஒரு போன் போட்டதும் மறுநாள் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார்.

பட்டறை ஆபீஸில் பெட்டியைத் திறந்து வைத்து, தீப்பெட்டியையும் எடுத்து நீட்டினார் சீனிவாசலு. பாலுசாமி தீப்பெட்டியை மரியாதையாகத் தள்ளி வைத்தார். மடியிலிருந்து வெற்றிலையை எடுத்தார்.

"பத்தவெச்சு ஊதிப்போட்டா ருசி பூராவும் காத்துல போயிருமுங்க. மென்னு பாத்தாத்தானுங்க மண்ணு தெரியும்."

சீனிவாசலு தடுப்பதற்குள் பிரேசிலின் பட்டையை உருவி எறிந்து, அதைப் பிய்த்து உள்ளங்கையில் கசக்கி, சுண்ணாம்பு தடவிய வெற்றிலையோடு வாயில் போட்டுக்கொண்டார். அப்புறம் சுமத்ரா. அப்புறம் மற்ற இரண்டு. வீட்டிலிருந்து கொண்டுவந்து ஆபீஸ் ஜன்னலில் காயப்போட்டிருந்த கியூபாவின் ஈரமான வாலிலிருந்தும் ஒரு கிள்ளு. ஒவ்வொன்றுக்கும் நடுவே வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார். புதிதாக வெள்ளையடித்த மதில்மேல்தான் துப்பினார் என்பது பிறகுதான் தெரிந்தது.

கடைசியில் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்தார். "ஏனுங்க சீனிவாசலு, தப்பா நெனச்சுக்காதீங்க. அஞ்சும் ஒரு தாய் வவுத்துப் புள்ளைங்க மாதிரி இருக்குதுங்களே."

சீனிவாசலுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அஞ்சு தேசமுங்க, நடுவில் இரண்டு சமுத்திரம் இருக்குதுங்க, பட்டையிலேயே எழுதியிருக்குதுங்க, கொஞ்சம் கவனமாகப் பார்த்துச் சொல்லுங்க என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டார். ஆர்டர் விஷயத்தையும் முப்பத்திரண்டு குடும்பத்தையும் சொன்னார். கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது.

பாலுசாமி துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். சிநேகிதன் இவ்வளவு தூரம் கேட்கும்போது இல்லை என்று சொல்ல அவருக்கும் மனசு வரவில்லை.

"அப்படிப் பாத்தா வித்தியாசம் இருக்குதுங்க," என்று ஆரம்பித்தார்.

அப்புறம் நிறுத்தவே இல்லை. பிரேசில், செம்மண்ணில் ஆட்டுக்கிடை போட்ட பூமி, தொண்டையில் பிடிக்கும். சுமத்ரா, மழை ஜாஸ்தி, இலைக்குக் காரம் ஏறவில்லை, நாக்கு நுனியோடு சரி. ஹோண்டுராஸ், பந்தலில் அவசரப்பட்டுக் காயவைத்தது, லேசாகக் கசக்கும். கேமரூனுக்குக் கருப்பட்டித் தண்ணி தெளித்திருக்கிறார்கள். கியூபாதான் அசல், உப்புத் தண்ணிக் கிணறு. சீனிவாசலு டெலிவரி நோட்டின் பின்பக்கத்தில் ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டார்.

சாயந்திரம் கிளம்பும்போது பாலுசாமி, மேஜைமேல் பிய்ந்து கிடந்த நாலு தேசத்தையும் துண்டில் வாரி மடியில் கட்டிக்கொண்டார். வெறுங்கையோடு விருந்தாளியை அனுப்பக் கூடாது என்பதால் சீனிவாசலு அதையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினார். அதோடு சரி. மறுநாள் காலை பேக்ஸ் வந்தது. பெங்களூர் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டதாம், நாளைக்கே வருகிறாராம். கடைசி வரி இப்படி இருந்தது: உங்களுக்கு மிகவும் பிடித்ததில் ஒன்றை எனக்காக மிச்சம் வைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன், சேர்ந்து புகைக்கலாம்.

மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. ஜன்னல் திண்டில், ஒரு முனை கருகி, மறு முனை கிள்ளப்பட்டு, மூன்று நாளாகியும் காயாமல், கத்தரிக்காய் வற்றல் மாதிரி வதங்கிக் கிடந்தது கியூபா.

போர்மேன் அழகிரிசாமியைக் கூப்பிட்டுக் காட்டினார். வார்ப்புக்குள் வைக்கும் மணல் கருவைப் பட்டறையில் கோர் என்பார்கள். அதைச் சுட்டு இறுக்குவதற்கு ஓர் அடுப்பு உண்டு. அழகிரிசாமி இருபது வருஷமாக ஈரமான எதைப் பார்த்தாலும் அந்த அடுப்பில்தான் வைப்பான். வைத்தான். அரைமணியில் சுருட்டு விறகாக வெளியே வந்தது, நடுவில் இரண்டு வெடிப்போடு.

"கவலைப்படாதீங்க மொதலாளி, ஒட்டிப்போட்டேன்," என்றான்.

"எதை வெச்சுடா ஒட்டினே?"

"கோருக்குப் பூசற சக்கரை ஆலைப் பாகுதானுங்க. மேலே கரியும் லேசாத் தடவியிருக்கேன், வெடிப்புத் தெரியாதுங்க."

சீனிவாசலு தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். வேறு சுருட்டு வாங்க நேரமும் இல்லை, வாங்கினாலும் கியூபாவுக்கு எங்கே போவது? பட்டையை மட்டும் துடைத்து மறுபடி மாட்டினார்.

யான்சன் பதினொரு மணிக்கு வந்தார். சீனிவாசலு டெலிவரி நோட்டைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டு, பாலுசாமி சொன்னதைத் தன் இங்கிலீஷில் ஒப்பித்தார். ஆட்டுக்கிடைக்கு என்ன சொல்வது என்று தெரியாமல், ஆடுகள் இரவு தங்கிய நிலம் என்றார். யான்சன் பேனாவை எடுத்துக் குறித்துக்கொள்ள ஆரம்பித்தார். எதற்குக் குறிக்கிறார் என்று தெரியாமல் சீனிவாசலுவுக்கு வியர்த்தது. உப்புத் தண்ணிக் கிணறு வந்தபோது யான்சன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தார்.

பிறகு கையை நீட்டினார். கியூபா கை மாறியது. அது மேஜையில் பட்டபோது டொக் என்றது.

யான்சன் அதை மோந்தார். புருவம் உயர்ந்தது. பற்றவைத்தார். ஒரு இழுப்பு இழுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். கதவோரத்தில் அழகிரிசாமி நின்றான், அவனுக்குப் பின்னால் மூன்று நாள் ஆட்கள் நின்றார்கள். ஊரில் பத்மாவதிக்கு எத்தனை சாமி தெரியுமோ அத்தனையையும் சீனிவாசலு மனசுக்குள் கூப்பிட்டார்.

கண் திறந்த யான்சன் மெதுவாகப் பேசினார். முதலில் மண், நடுவில் கொஞ்சம் இரும்பு, கடைசியில் கருகிய சர்க்கரை. இந்த மூன்றும் சேர்ந்து வருவது உலகத்தில் கியூபாவில் மட்டும்தான் என்றார். நாற்பது வருஷமாகப் புகைக்கிறேன், இவ்வளவு தெளிவாக இன்றைக்குத்தான் உணர்ந்தேன் என்றார். நீங்கள் சொன்னது ஒன்றுகூடத் தவறில்லை என்று சொல்லிவிட்டு அங்கேயே ஆர்டரில் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வாரத்திலிருந்து உலை தினமும் எரிந்தது. ஆட்கள் ஆறு நாளும் வந்தார்கள். மாறியது சீனிவாசலுதான். கல்யாண வீட்டிலானாலும் ரோட்டரி கிளப்பிலானாலும், கியூபாவையும் சுமத்ராவையும் பற்றி அரைமணி பேசாமல் அவர் இலையில் உட்காருவதில்லை. ஒரு கட்டத்தில் இரண்டையும் தானே ருசித்துப் பார்த்ததாகவே நம்பிவிட்டார். அவர் பேச ஆரம்பித்ததும் பத்மாவதி எழுந்து உள்ளே போய்விடுவாள். பொறாமை என்று நினைத்துக்கொள்வார்.

வேண்டுதல்படி முனியப்பனுக்குப் பொங்கல் வைக்கப் போனார்கள். பாலுசாமியையும் கூப்பிட்டிருந்தார். பொங்கல் பொங்குகிற வரை சும்மா இருப்பானேன் என்று சீனிவாசலு பூசாரியைப் பிடித்து உட்காரவைத்து, ஐந்து நாட்டு மண்ணுக்கும் ஐந்து விதமான ருசி உண்டு என்றும், நாக்கு இருக்கிறவனுக்கு அது தப்பாது என்றும், பிரேசிலில் தொடங்கி ஒவ்வொன்றாக விளக்கினார். பாலுசாமி தரையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். பூசாரி வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

பத்மாவதி தேங்காய் பழத்தட்டில் ஒரு கட்டுத் திண்டுக்கல் சுருட்டை வைத்து நீட்டினாள். வாங்கிப் பார்த்த பூசாரியின் முகம் சற்று வாடியது.

"அம்மணி, போன மாசம் அந்தப் பொட்டியில இருந்த அஞ்சு சீமைச் சுருட்டையும் பட்டையக் கழட்டி சாமிக்கு வெச்சுப்போட்டு, நம்ம திண்டுக்கல் சுருட்டுக்குப் பட்டைய மாட்டிப் பொட்டிய மூடிக்கிட்டுப் போனீங்களே, இந்தத் தடவையும் அதையே கொண்டாந்திருக்கலாமுங்க, ஐயா சொல்றாப்பலயேதானுங்க, அஞ்சும் அஞ்சு ருசி."