கம்பிக் கதவுக்குள் மாப்பிள்ளை

பயந்த சுபாவம் உள்ளவர்கள் வெட்டவெளியில் பெண் பார்க்கப் போகக் கூடாது. வீட்டில் என்றால் உட்கார நாற்காலி இருக்கும், வாயை அடைக்கக் கேசரி இருக்கும், நமக்குப் பதிலாகப் பேச ஒரு மாமா இருப்பார். இவை எதுவும் இல்லாமல் இங்கிலாந்தில் ஒரு பூங்காவில் பெண் பார்த்தவன் நான்.

ஆபீஸ் என்னைப் பயிற்சிக்காக அங்கே அனுப்பியிருந்தது. வைதேகி அங்கே ஒரு மருத்துவமனையின் மருந்தகத்தில் வேலை பார்த்தாள். அவளும் திருவனந்தபுரத்துக்காரிதான், கரமனையில் எங்களுக்கு அடுத்த தெரு. (அங்கே இருந்த காலத்தில் நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.) ஜாதகம் பொருந்தியதும் அம்மா ஃபோனில் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "பயந்தாங்கொள்ளின்னு மட்டும் காட்டிக்காதேடா." முன்பு வந்த வரன்கள் கலைந்ததற்கு அதுதான் காரணம் என்பது அவள் கட்சி. எனக்கோ புகைப்படத்தைப் பார்த்த நாளிலிருந்து, இவள் வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாதே என்பதுதான் கவலை.

அவள் வரச் சொன்ன இடம் ஒரு பிரபுவின் பழைய மாளிகையைச் சுற்றியிருந்த பூங்கா. பூச்செடியும் பெஞ்சும் இருக்கும் என்று போனேன். கண்ணுக்கெட்டிய தூரம் வரை புல்வெளி, ஓர் ஏரி, மேட்டின் மேல் தூண்கள் சூழ்ந்த ஒரு வட்டக் கோயில். அந்தக் காலத்துப் பிரபு அழகுக்காகவே கட்டியதாம். பூஜை கிடையாது, உள்ளே ஒரு ரோமானிய தேவதையின் சிலை மட்டும். இடிந்து கிடந்ததை அப்போதுதான் புதுப்பித்திருந்தார்கள். தூண்களுக்குப் புதுச் சுண்ணாம்பு, வாசலுக்குப் புது இரும்புக் கம்பிக் கதவு.

"கூரையே இல்லாம இருந்தது, இப்போ பாருங்கோ" என்று வைதேகி காட்டினாள். என் கண் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. அங்கே மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. கயிறு இல்லை, மேய்க்க ஆள் இல்லை, ஒவ்வொன்றும் எங்கள் தெருப் பசுவைப்போல் இரண்டு மடங்கு.

நடுங்குவதை மறைக்க ஏதாவது துணிச்சலாகச் செய்தாக வேண்டும். அதில் கொஞ்சம் பக்தியும் சேர்ந்தால் உத்தமம் என்று தோன்றியது. கரமனையில் பசு எதிர்ப்பட்டால் அதன் பின்புறத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். லட்சுமி வாசம் செய்கிற இடம். எங்கள் ஊர்ப் பசுக்கள் அதைக் கண்டுகொள்வதே இல்லை. நான் பின்னாலிருந்து போய் ஒரு பசுவைத் தொட்டேன். அதற்கு இந்தச் சம்பிரதாயம் தெரியவில்லை. பக்கத்தில் கன்று இருந்தது எனக்கும் தெரியவில்லை.

பசு சீறிக்கொண்டு திரும்பியதும் ஓடினேன். மேடேறி, படியேறி, கோயிலுக்குள் புகுந்து, கம்பிக் கதவைப் படாரென்று சாத்திய பிறகுதான் மூச்சு வந்தது. மூச்சு வந்த பிறகுதான் வைதேகி வெளியே இருப்பது நினைவுக்கு வந்தது.

அவள் அசையாமல் நின்று, பசு கன்றிடம் திரும்பிய பிறகு மெதுவாக ஏறி வந்தாள். நான் திக்கித் திணறி மன்னிப்புக் கேட்டேன். "சாரமில்லை" என்றாள். (பரவாயில்லை என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல். அவள் முகத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை.) "கதவைத் திறக்கறேளா?"

இழுத்தேன், தள்ளினேன். சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் புதுப் பூட்டு. வாசலில் மாட்டியிருந்த பலகையின் ஃபோன் எண்ணுக்கு அவளே பேசினாள். சாவியோடு ஆள் வர அரை மணி ஆகுமாம். அவள் படியில் உட்கார்ந்துகொண்டாள். எந்த நிமிஷம் எழுந்து போய்விடுவாளோ என்று கம்பியைப் பிடித்தபடி நின்றேன்.

"வேறெதுக்கெல்லாம் பயம்?"

கம்பிக்குப் பின்னால் நிற்கிறவன் சொல்லும் எந்தப் பொய் எடுபடும்? லிஃப்ட், நாய், எங்கள் ஊர்ப் பக்கத்து விழிஞ்ஞத்துக் கடல், அவளுடைய அப்பா என்று வரிசையாகச் சொன்னேன். "நீங்க வேண்டாம்னு சொல்லிடுவேளோன்னு இருக்கிற பயம்தான் இப்போ எல்லாத்தையும்விடப் பெரிசு" என்றும் சொல்லிவிட்டேன். அவள் ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சரியாக அப்போது அம்மா வீடியோவில் அழைத்தாள். எடுக்காவிட்டால் ஊரைக் கூட்டிவிடுவாள், எடுத்தேன்.

"என்னடா கம்பி அது? போலீஸ்ல பிடிச்சு உள்ள வெச்சுட்டாளா?"

"கோவில்ல இருக்கேன்மா."

அதற்குள் அம்மா சிலையைப் பார்த்துவிட்டாள். "அம்பாள் சன்னிதியில கோட்டோட நிக்கறயே, சட்டையைக் கழட்டுடா."

(எங்கள் ஊர்க் கோயில்களில் ஆண்கள் மேல்சட்டையோடு உள்ளே போகக் கூடாது.) அம்மாவிடம் எனக்குள்ள பயத்துக்கு முன்னால் பசுவெல்லாம் ஒன்றுமே இல்லை. கோட்டைக் கழற்றிச் சட்டையின் மூன்றாவது பொத்தானில் கை வைத்தபோது, சாவியோடு ஒரு பெரியவர் வந்து நின்றார். சிலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்கு இன்னும் கொஞ்ச நேரம் வேண்டுமா என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார்.

வைதேகி தூணைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். என் கதை முடிந்தது என்று நினைத்தேன். இறங்கும்போது மாடுகள் இருந்த பக்கம் அவள் நடந்தாள், மறுபக்கம் என்னை விட்டாள்.

பூங்காவின் வாசலுக்கு வந்த பிறகுதான் சொன்னாள்: "அப்பாகிட்ட எனக்கும் பயமாக்கும். ரெண்டு பேருமாப் போய்ச் சொல்லலாம்."

இன்று கரமனை வீட்டில் நான் எந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாலும், வெளியிலிருந்து ஒரு குரல் வரும்: "எங்களுக்கும் உள்ள இடம் உண்டா, இல்லை மாட்டுக்குத்தானா?" அம்மா கேட்பாள், மாமனார் கேட்பார், இப்போது என் மகளும் கேட்கிறாள். வைதேகி மட்டும் கேட்பதில்லை. எந்த வாசலானாலும் எனக்கு முன்னால் அவள் நுழைந்துவிடுகிறாள்.